கடலோர டிஎக்ஸுக்கு எந்த ஆன்டெனா: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

அமெச்சூர் ரேடியோவில் தொலைதூர நாடுகளோடு பேசுவதுதான் டிஎக்ஸ். அதற்குத் தண்ணீர் விளிம்பில் இடம் கிடைக்கிறவர்கள் டவருக்கும் யாகிக்கும் (ஒரு திசை நோக்கும், பல குறுக்குக் கம்பிகள் கொண்ட ஆன்டெனா) காசு செலவழிக்கும் முன் ஒரு கால் அலைநீள வெர்ட்டிகலை, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள செங்குத்து ஆன்டெனாவை, நட்டுப் பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டட் வி (நடுவில் உயர்த்தி இருபுறமும் சரித்துக் கட்டும் கம்பி), எண்ட்-ஃபெட் வயர் (ஒரு முனையில் இணைப்புக் கொடுக்கும் கம்பி), வெர்ட்டிகல் மூன்றையும் பல வருடங்களாக உப்புக் காற்றில் மாற்றி மாற்றி ஓட்டியபின் நான் வந்து நிற்கும் இடம் இதுதான். ஆனால் கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்தப் பரிந்துரை தலைகீழாகவும் மாறும்.

சாதாரண மண்ணின் மின்கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 0.005 சீமென்ஸ். கடல்நீருக்குச் சுமார் 5. அதாவது ஆயிரம் மடங்கு. வெர்ட்டிகலிலிருந்து தாழ்வாகக் கிளம்பும் அலை நிலத்தில் பட்டுத் திரும்பும்போது நேராகப் போகும் அலையையே பாதி அழித்துவிடும். அதனால் அடிவானத்தை ஒட்டிய 10, 15 டிகிரிக்குக் கீழே சிக்னல் மெலிந்துபோகும். கடல்நீர் மேல் இந்த மெலிவு ஒரு டிகிரிக்கும் கீழேதான் தொடங்குகிறது. கண்டம் தாண்டும் சிக்னல்கள் பெரும்பாலும் போய்வருவது இந்தத் தாழ்ந்த கோணங்களில் என்பதால், கடல் நமக்குச் சும்மா கொடுக்கும் பெருக்கி அது.

நடுவில் இணைப்புக் கொடுத்துக் கிடையாகக் கட்டும் இருகைக் கம்பியான டைபோலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குத் தரையின் குணம் பெரிதாகப் பொருட்டில்லை, உயரம்தான் எல்லாம். 20 மீட்டர் பேண்டில் (அலைநீளம் சுமார் 20 மீட்டர் வரும் அலைவரிசையில்) 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் முக்கிய வீச்சு 30 டிகிரியில் நிற்கும். அதை 15 டிகிரிக்கு இறக்க 20 மீட்டர் உயரம் வேண்டும். 40 மீட்டர் பேண்டுக்கு இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். 40 மீட்டர் உயரக் கம்பத்துக்கு யார் எங்கே போவது? அதே பேண்டுக்கு வெர்ட்டிகல் என்றால் பத்து மீட்டர் வயரும் ஒரு ஃபைபர் கம்பமும் போதும். கடலோரத்தின் உண்மையான லாபத்தை நான் பார்த்தது 40 மீட்டர் பேண்டில்தான்.

ஒப்பிடுவதற்கு வெர்ட்டிகல், இன்வெர்ட்டட் வி இரண்டையும் ஒரே கோ-ஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) சுவிட்சில் போட்டு, பேச்சுக்கு நடுவிலேயே தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கடல் பக்கமிருந்து வரும் தூரத்து நிலையங்கள் வெர்ட்டிகலில் ஓர் எஸ் யூனிட்டுக்குக் (ரிசீவர் மீட்டரில் சிக்னல் பலத்தின் ஒரு படி) குறையாமல் ஏறும், சில மாலைகளில் ஒன்றரை. பக்கத்து நாட்டு நிலையம் என்றால் இன்வெர்ட்டட் வி முந்திக்கொள்ளும். நிலத்தின் பக்கம் பேசும்போது வெர்ட்டிகலின் மவுசு அப்படியே இறங்கிவிடும். இதெல்லாம் ஒரு காண்டாக்டை வைத்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை. சிக்னல் அலை அலையாக ஏறி இறங்கும்போது எந்த ஆன்டெனாவும் ஒரு நிமிடத்துக்கு ராஜாவாகத் தெரியும். 2008-ல் வந்த டபிள்யூஎஸ்பிஆர் இதற்கு நல்ல மருந்து; குறைந்த பவரில் அனுப்பும் சின்னச் செய்தி எங்கே, எவ்வளவு பலத்தில் கேட்டது என்று பதிவுசெய்யும் முறை அது. ஒவ்வொரு ஒலிபரப்பும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்று விட்டு ஒன்றாக ஆன்டெனாவை மாற்றி, பவரைத் தொடாமல், ஒரே ரிசீவர் தரும் டெசிபெல் கணக்கை இரவு முழுக்கச் சேர்த்தால் சராசரி தெளிவாகிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். 2024-ஐ ஒட்டிச் சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருந்தபோது 10 மீட்டர் பேண்டில் ஒரு முழ வயரைத் தொங்கவிட்டவர்கூட உலகம் சுற்றினார். அப்போது எழுதப்பட்ட ஆன்டெனாப் புகழ்ச்சிகளைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இனி இடம். காய்ந்த மணல் கடல் ஆகாது. அது சாதாரண மண்ணைவிட மோசமான கடத்தி. வெர்ட்டிகலுக்கு வேண்டிய பிரதிபலிப்பு அடிக்கம்பத்தில் நடப்பதில்லை, எதிரே பத்துக்கணக்கான மீட்டர் தள்ளி நடக்கிறது. அந்தப் பரப்பு தண்ணீராக இருந்தால்தான் லாபம். உயர் அலைக்கோட்டுக்குச் சற்று மேலே நட்ட கம்பத்தை மணல்மேட்டுக்குப் பின்னால் நகர்த்தினால் வித்தியாசம் காதிலேயே தெரியும். ஏரிக்கரையில் இதே வித்தையை எதிர்பார்க்காதீர்கள், நன்னீரில் உப்பு இல்லை.

கடல் எதிரே இருக்கிறதே என்று ரேடியலை (வெர்ட்டிகலின் அடியிலிருந்து பக்கவாட்டில் ஓடும் கம்பிகளை) விட்டுவிடவும் முடியாது. தூரத்துப் பிரதிபலிப்பைக் கடல் பார்த்துக்கொள்ளும், அடியில் திரும்பும் மின்னோட்டத்துக்குப் பாதை நாம்தான் போட வேண்டும். 20 மீட்டர் பேண்டுக்குச் சுமார் ஐந்து மீட்டர் நீளத்தில் உயர்த்திக் கட்டிய இரண்டு ரேடியல் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அவற்றின் நுனியில் உயர் மின்னழுத்தம் நிற்கும். ஆள் நடமாடும் கரையென்றால் தலைக்கு மேலே கட்டுங்கள்.

எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இழப்பே இல்லாத தரைமேல் கால் அலைநீள வெர்ட்டிகலின் மின்மறுப்பு 36 ஓம் பக்கம், ரேடியலைச் சரித்துக் கட்டினால் சற்று ஏறும். 50 ஓம் கேபிளில் அது 1.4 காட்டும். அதே அமைப்பு ஒரு மழைக்காலம் கழித்து 1.1 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். எங்கோ ஓர் இணைப்பு அரித்து, இழப்பு கூடியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மீட்டர் முள் அழகாகும், சிக்னல் தேயும்.

கடலோரத்தில் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது என்றால் பாதி அதன் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். அலுமினியக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிய வெர்ட்டிகல் புதிதில் அருமையாக வேலை செய்யும். பிறகு செருகிய இடத்தைப் பிரித்தால் வெள்ளைப் பொடி கொட்டும், சில குழாய்கள் பிரியவே பிரியாது. செம்புக் கம்பியை நேராக அலுமினியத்தில் முறுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் கரைந்துகொண்டே போகும். நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் வேண்டும், அதுவும் 316 ரகம். 304 பழுப்புக் கறை பிடித்துவிடுகிறது. கோ-ஆக்ஸின் முனை வழியே ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் பின்னல் கறுத்துவிடும். வெட்ட வெட்டக் கறுப்பாகவே வரும், கேபிளையே மாற்ற வேண்டியிருக்கும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் கறுப்பு பிவிசி டேப் போட்டு, கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டிய இணைப்புகள் மட்டுமே என்னிடம் தப்பின.

அதனால் அலுமினியத்தை முழுக்க விட்டுவிட்டேன். ஃபைபர் கம்பத்தில் உறை போட்ட வயரை ஒட்டிக் கட்டுகிறேன். உறை இருப்பதால் தேவையான நீளம் கணக்கைவிடச் சில சதவீதம் குறையும், ஆனாலும் முதலில் வெட்டும்போது கொஞ்சம் நீளமாகவே விட்டு, பிறகு நறுக்கிச் சரிசெய்யுங்கள். இழுகயிறுக்கு பாலியெஸ்டர். நைலான் நனைந்தால் நீளும், பாலிப்ரொப்பிலீன் வெயிலில் நார் நாராக உதிரும்.

எண்ட்-ஃபெட்டைக் குறை சொல்ல மனமில்லை. மின்மறுப்பைக் கேபிளுக்குப் பொருத்தும் ஒரு 49:1 டிரான்ஸ்ஃபார்மரோடு பையில் போட்டுக்கொண்டு போய்ப் பல பேண்டில் பேசலாம். ஆனால் நுனியில் மின்னழுத்தம் அதிகம். இன்சுலேட்டர்மேல் உப்புப் படிந்து மாலைப் பனியும் சேர்ந்தால் எஸ்டபிள்யூஆர் துள்ளும், பவர் கூட்டினால் பொறி பறக்கும். நிரந்தரமாகக் கட்டிவைக்க அது சரிப்படாது.

இன்வெர்ட்டட் வியையும் கழற்றவில்லை. வெர்ட்டிகல் சுற்றுப்புற இரைச்சலை அள்ளிக்கொள்ளும் ஜாதி. நிலத்தின் பக்கம் வீடுகள் இருந்தால் பவர் சப்ளைகளின் கரகரப்பு எல்லாம் வந்து சேரும். அப்படிப்பட்ட இரவுகளில் வெர்ட்டிகலில் அனுப்பி, வியில் கேட்கிறேன்.

கடல் தெரிந்தாலும் கட்டடங்களுக்குப் பின்னால் சில நூறு மீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கும், உயரமான பாறை விளிம்பில் இருப்பவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு செல்லாது. பின்னால் இருப்பவர்களுக்கு எட்டும் உயரத்தில் டைபோல் நல்லது. பாறை மேல் இருப்பவர்கள் தாராளமாக யாகி வாங்கலாம். கடலை நோக்கிய திசையில் அந்த உயரமே கிடை ஆன்டெனாவின் கோணத்தைத் தாழ்த்திவிடும்.