மூடிய ரசீதைத் தொட விடாத ரெயில்ஸ்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலுக்கு நன்கொடை ரசீது மென்பொருள் எழுதிக் கொடுத்து, இன்றுவரை நான்தான் பராமரிக்கிறேன். காவடி நெருங்கினால் ரசீது மளமளவென்று விழும். ஜூன் 30-ஆம் தேதி கணக்கை முடித்துத் தணிக்கைக்குக் கொடுத்த பிறகு, எந்த ரசீதிலும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. அது ஊரார் கொடுத்த பணம்.

இதற்கு ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைச் செயலிக் கட்டமைப்பில் தனி ஜெம் (கூடுதல் நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம். டேட்டாபேஸ் டேபிளோடு பேசும் ஆக்டிவ் ரெக்கார்டு மாடலில் 'ரீட்ஒன்லி?' என்ற மெத்தடை நாமே எழுதிக்கொள்ளலாம். அது 'ட்ரூ' என்று சொன்னால் சேவும் நடக்காது, டெஸ்ட்ராயும் (அழிப்பதும்) நடக்காது. 'ரீட்ஒன்லிரெக்கார்டு' என்ற எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வந்து நிற்கும். திரையில் எடிட் பட்டனை மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். கன்சோலில், அதாவது நேரடிக் கட்டளைத் திரையில், திறந்து சேவ் செய்தாலும் இதே தடைதான்.

நிபந்தனையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூடிய தேதியை வைக்கும் 'குளோஸ்டு_அட்' புலம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் கேட்டால், ரசீதை மூடவே முடியாது. மூடும் தேதியை வைத்த நொடியே ரெக்கார்டு பூட்டிக்கொள்ளும். அந்தத் தேதி சேவ் ஆகாது. டேட்டாபேஸில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். ரெயில்ஸ் 5.1 முதல் 'குளோஸ்டு_அட்_இன்_டேட்டாபேஸ்' என்றே கேட்கலாம். புது ரசீதுக்கு அது காலியாக இருப்பதால் பதிவு தடைபடாது. மூடும் சேவும் ஒழுங்காகப் போகும். அதற்குப் பிறகுதான் பூட்டு விழும். இவ்வளவு நுணுக்கம் ஒரே வரியில் அடங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ரசீது பூட்டினாலும் அதன் கீழுள்ள அர்ச்சனை, அன்னதான வரிகள் பூட்டாது. அவை தனி மாடல். அங்கும் 'ரீட்ஒன்லி?' எழுதி, தாய் ரசீதைக் கேட்கச் சொல்ல வேண்டும். ரசீது எண்ணுக்கு மட்டும், ஒரு புலத்தை மட்டும் பூட்டும் 'அட்ர்_ரீட்ஒன்லி' போட்டிருக்கிறேன். அதற்கு நிபந்தனை கிடையாது. முதல் பதிவோடு சரி. முன்பெல்லாம் பிறகு எண்ணை மாற்றினால் ரெயில்ஸ் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ரெயில்ஸ் 7.1-இன் இயல்பு அமைப்பில் எக்செப்ஷனே எழுப்புகிறது, நல்ல மாற்றம்.

எக்செப்ஷனை அப்படியே விட்டால் பொருளாளர் ஐயா பாவம், வெறும் பிழைப் பக்கத்தைத்தான் பார்ப்பார். திரையிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கையாளும் கன்ட்ரோலரில் 'ரெஸ்க்யூ_ஃப்ரம்' வைத்துப் பிடித்து, "கணக்கு மூடியாயிற்று, ரத்துப் பதிவு போட்டுப் புது ரசீது எழுதவும்" என்று தமிழிலும் பிரெஞ்சிலும் காட்டுகிறேன். அடித்துத் திருத்துவதைவிட அதுதான் முறையான கணக்கு.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 'அப்டேட்_ஆல்', 'டெலீட்_ஆல்' இரண்டும் டேட்டாபேஸுக்கு நேராக எஸ்க்யூஎல் கட்டளை அனுப்புபவை, 'ரீட்ஒன்லி?' பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. பணம் சம்பந்தப்பட்ட டேபிள் என்றால் ரெயில்ஸை மட்டும் நம்பாதீர்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அப்டேட்டுக்கும் டெலீட்டுக்கும் முன்பே தானாக ஓடும் ட்ரிகர் ஒன்று எழுதி, பழைய வரிசையில் மூடிய தேதி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.