விண்டி ஆப்: மழை வருமா என்று தெரியாதபோது எவ்வளவு கைகொடுக்கும்?

வெளிச்சுவருக்கு நாளைக்கு பெயின்ட் அடிக்கலாமா, தள்ளிப்போடலாமா? இப்படி ஒரு கேள்வி இருந்தால், வானிலை கணிப்பு காட்டும் விண்டி ஆப்பில் முதலில் போக வேண்டிய இடம் ஒப்பீட்டு அட்டவணை. கலர் கலராகச் சுழலும் காற்று வரைபடம் பார்க்க அழகுதான், முடிவெடுக்க அது பெரிதாக உதவாது.

வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டு ஒப்பீட்டுக்குப் போனால் ஐரோப்பிய வானிலை மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஜெர்மனியின் ஐகான் ஆகிய மாதிரிகளின் (வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்கள்) கணிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மூன்றும் மாலை 4 மணிக்கு மேல்தான் மழை என்றால் காலை வேலையைத் தைரியமாகத் தொடங்கலாம். ஒன்று 12 மி.மீ., இன்னொன்று பூஜ்யம் என்று காட்டினால் சராசரி போட்டு 6 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 6 மி.மீ.யை எந்த மாதிரியும் சொல்லவில்லை. அந்த இடைவெளி சொல்வது, நாளைய நிலவரம் இன்னும் உறுதியாகவில்லை என்பதைத்தான்.

மூன்றும் ஒத்துப்போகும்போதும் கொஞ்சம் சந்தேகம் இருக்கட்டும். செயற்கைக்கோள், பலூன் என்று அவை எடுத்துக்கொள்ளும் தரவுகளில் பெரும்பகுதி பொதுவானது. தப்பினால் சேர்ந்தே தப்பும். இடிமழையில் இது அடிக்கடி நடக்கும். இசிஎம்டபிள்யூஎஃப் நிலப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டமே சுமார் 9 கி.மீ. அகலம், ஒரு இடிமேகம் அதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். அடுத்த ஓரிரு மணி நேரத்துக்கு ரேடாரைப் பார்ப்பதே மேல்.

பெரிய குறை ஒன்று உண்டு. இந்த அட்டவணையில் இருப்பது மி.மீ. அளவு, மழைக்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை நீங்களேதான் ஊகிக்க வேண்டும். '0.4 மி.மீ.' என்று தசமத்தோடு பார்த்ததும் துல்லியம் என்று நம்பிவிடத் தோன்றும்.

நல்லவேளையாக, துல்லியமான சதவீதம் தேவைப்படுவதில்லை. வேலையை நிறுத்தினால் வரும் செலவை, நனைந்தால் வரும் நஷ்டத்தால் வகுங்கள். ஒரு நாள் கூலி 1 பங்கு, பெயின்ட் வழிந்து திரும்ப அடிக்க 5 பங்கு என்றால் வரம்பு 20 சதவீதம். மழை வாய்ப்பு அதற்கு மேல் என்று பட்டால் நிறுத்துவதுதான் லாபம். மூன்றில் ஒரு மாதிரி மழை காட்டினாலே இந்தக் கணக்குக்கு நிறுத்திவிடலாம். அதுவே தார்ப்பாய் விரிப்பது என்றால், செலவு 1, நஷ்டம் 50. வரம்பு 2 சதவீதம். ஆப்பைத் திறக்காமலே விரித்துவிடலாம்.

முடிவைத் தள்ளிவைக்க முடியுமா என்றும் பாருங்கள். ஜிஎஃப்எஸ் நாளுக்கு 4 முறை புதிதாக ஓடுகிறது, முடிவு வெளிவரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆட்களுக்குச் சொல்ல வேண்டிய கெடு அதற்கு முன்பே வந்துவிட்டால் காத்திருந்து பலனில்லை, கையில் இருப்பதை வைத்துத்தான் முடிவு. கெடுவுக்கு நேரம் இருந்தால் அடுத்த ஓட்டத்தையும் பார்க்கலாம். இரண்டு ஓட்டங்களுக்கிடையே மழை நேரம் இங்கும் அங்கும் தாவினால் அதை நம்பி மணிக்கணக்கில் திட்டம் போடாதீர்கள்.

சந்தா கட்டினால் 3 மணி நேர இடைவெளி 1 மணி நேரமாகிறது. அட்டவணையின் நேர இடைவெளி மட்டும் பொடியாகும், கணிப்பின் நம்பகம் கூடிவிடாது. காங்கிரீட் போடுவது மாதிரி மணிக்கணக்கு பார்க்கும் வேலை இருப்பவர்கள் கட்டலாம், மற்றவர்களுக்கு இலவசப் பதிப்பே தாராளம்.