ஜெர்மன் கரப்பானும் ஜெல் மருந்தும்: ஐந்து ஆண்டு அனுபவம்

பூச்சி மருந்து எதையும் வாங்கிய பத்தாம் நாளில் அதைப் பற்றிக் கருத்து எழுதிவிடலாம். ஆனால் ஜெர்மன் கரப்பான் எனப்படும் சின்னக் கரப்பானைப் பொறுத்தவரை அந்தப் பத்தாம் நாளைப்போல நம்மை ஏமாற்றும் நாள் வேறில்லை. சமையலறை மேடை வெறிச்சோடிக் கிடக்கும். நள்ளிரவில் விளக்கைப் போட்டாலும் எதுவும் ஓடாது. தொல்லை தீர்ந்தது என்று மருந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவோம். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் எள்ளளவுக் குஞ்சுகள் குழாயடியில் ஊரத் தொடங்கும். இந்தச் சுழலில் இரண்டு முறை சிக்கி மீண்டவன் நான். இதனோடு ஐந்து ஆண்டுகள் போராடி, அதில் பெரும்பகுதி ஜெல் வடிவ நச்சுத்தீனியைப் பயன்படுத்தியதில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: மருந்தின் வீரியத்தைவிட, அந்தப் பூச்சியின் நாட்கணக்கை அறிந்து மருந்தை வைப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

எங்கள் வீட்டுக்குள் இது நுழைந்தது, ஒருவர் பயன்படுத்திக் கொடுத்த பழைய குளிர்சாதனப் பெட்டியோடு. கம்ப்ரசரைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பும், அடித்தட்டில் தேங்கும் நீரும், கை நுழையாத இருளும் ஒரே இடத்தில் அமைந்த அந்தப் பெட்டியைவிட நல்ல உறைவிடம் இந்தப் பூச்சிக்குக் கிடைக்காது. முதலில் நான் கண்டது பூச்சியை அல்ல. கதவின் ரப்பர் மடிப்பில் மைத்துளிகள் தெறித்தாற்போல இருந்த கரும்புள்ளிகளைத்தான். அவை கழிவு என்று தெரியாமல் துடைத்துவிட்டேன். முதிர்ந்த ஜெர்மன் கரப்பான் 11 முதல் 16 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். உடல் வெளிர்பழுப்பாகவும், தலைக்குப் பின்னாலுள்ள தகட்டில் இரண்டு கருங்கோடுகள் இணையாகவும் இருக்கும். இறக்கை இருந்தும் இது உண்மையில் பறப்பதில்லை. சாக்கடை வழியாக எப்போதாவது உள்ளே வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு இனம். அதை வாசலில் தடுக்கலாம். இது நம்மோடு குடியிருக்கும் இனம்.

பெயரில் ஜெர்மனி இருந்தாலும் பிறப்பிடம் அதுவன்று. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1767-இல் ஐரோப்பாவில் கிடைத்த பூச்சிகளைக் கொண்டு இந்தப் பெயரைச் சூட்டினார். 17 நாடுகளிலிருந்து திரட்டிய 281 பூச்சிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2024-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பகுதியில் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்றும், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவுக்குச் சென்றது என்றும், ஐரோப்பியரின் கடல் வணிகம் பெருகிய காலத்தில் கப்பல் சரக்குகளோடு மற்றக் கண்டங்களை அடைந்தது என்றும் கணிக்கிறது. ஐரோப்பாவுக்குள் நுழைந்து ஏறத்தாழ 270 ஆண்டுகளே ஆகின்றன. இதைவிட என்னை அதிகம் சிந்திக்கவைத்த செய்தி, மனிதக் கட்டடங்களை விட்டு விலகிக் காட்டில் தனித்து வாழும் கூட்டம் இந்த இனத்தில் எங்கும் அறியப்படவில்லை என்பதே. அப்படியானால் ஒரு கட்டடத்துக்குள் இதை முதலில் கொண்டுவந்து சேர்த்தது யாரோ ஒருவரின் பெட்டியோ, பையோ, பழைய மின்சாதனமோதான். அன்றுமுதல் அட்டைப் பெட்டிகளை வீட்டுக்குள் வைத்திருப்பதையே நிறுத்திவிட்டேன்; அவற்றின் நெளிவுகளுக்கிடையிலுள்ள பொந்துகள் குஞ்சுகளுக்கு மிகப் பொருத்தமான அளவில் இருக்கின்றன.

முதல் எட்டு மாதங்களில் நான் செய்தவை யாவும் தவறு என்றே சொல்ல வேண்டும். கண்ணில் பட்ட பூச்சிமீதெல்லாம் பைரித்ராய்டு வகைத் தெளிப்பானை அடித்தேன். அடிபட்டது செத்தது; சுவருக்குள் இருந்த கூட்டம் அந்த மணத்தைத் தவிர்த்து வேறு இடுக்குகளைத் தேடிப் போனது. சமையலறையில் மட்டும் இருந்தது, குளியலறைக்கும் படுக்கையறைக் கட்டிலின் மூட்டுகளுக்கும் பரவியது அந்த மாதங்களில்தான். பின்னர் அறை முழுவதும் புகையாகப் பரவும் மருந்துக் குப்பியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு நாள் வெளியே தங்கினோம். திரும்பி வந்தபோது தரையெல்லாம் பிசுபிசுப்பு, கரப்பானுக்கோ குறைவேயில்லை. இத்தகைய புகைக்குப்பிகளை மக்கள் வாழும் வீடுகளிலேயே சோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வும் இதையே கண்டது: அவற்றால் ஜெர்மன் கரப்பானின் எண்ணிக்கை குறையவில்லை, நஞ்சு மட்டும் மனிதர் நடமாடும் பரப்புகளில் படிந்தது. நச்சுத்தீனி வைத்த வீடுகளிலோ எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. மீயொலி எழுப்பும் கருவியையும் வாங்கிப் பார்த்தேன், பயனில்லை.

இனி அந்த நாட்கணக்கு. மற்றப் பல கரப்பான்கள் முட்டைக்கூட்டை எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும். ஜெர்மன் கரப்பானின் தாயோ 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய கூட்டை, அவை பொரிக்கும் நேரம் வரையில் தன் வயிற்று நுனியிலேயே சுமந்து திரிகிறது. வளரும் கருவுக்குத் தேவையான நீரும் தாயின் உடலிலிருந்தே கூட்டுக்குள் செல்கிறது. முன்கூட்டியே பிரிந்து விழுந்த கூடு பெரும்பாலும் உலர்ந்து கெட்டுவிடும். இந்தச் சுமைக்காலம் மூன்று முதல் நான்கு வாரங்கள். அக்காலத்தில் தாய் மிகக் குறைவாகவே இரை தேடுகிறது. இடுக்கை விட்டு அரிதாகவே வெளியே வருகிறது. எனவே நாம் வைக்கும் தீனியை ஆண் பூச்சிகளும் வளர்ந்த குஞ்சுகளும் தின்று மடியும் முதல் வாரத்தில், அடுத்த தலைமுறையைச் சுமந்திருக்கும் பெண்கள் அதைத் தொடாமலேயே இருந்துவிடக்கூடும். வீடு அமைதியாகத் தோன்றும் அந்த நாட்களில்தான் கூடுகள் பொரிக்கின்றன. ஒரு தாய் தன் வாழ்நாளில் நான்கு முதல் எட்டுக் கூடுகளை உண்டாக்கும். நல்ல வெப்பத்தில் குஞ்சுகள் ஆறேழு முறை தோலுரித்து இரண்டு மாதத்துக்குள் முதிர்ந்துவிடும். இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிய பிறகே என் போராட்டம் ஒரு முறைக்குள் வந்தது.

ஜெல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது இரண்டாம் ஆண்டில். நான் வாங்கிய முதல் குழலில் ஃபிப்ரோனில் என்ற நஞ்சு இருந்தது. பெரிய உருண்டைகளாக நான்கைந்து இடங்களில் வைப்பதைவிட, அரிசிமணி அளவுத் துளிகளாக நாற்பது ஐம்பது இடங்களில் வைப்பதே பலன் தருகிறது. ஏனெனில் இந்தப் பூச்சி தன் இடுக்கிலிருந்து சிறு தொலைவே நடக்கிறது; இளங்குஞ்சுகளோ இடுக்கை விட்டு அரிதாகவே வெளியே வருகின்றன. அவ்வாறாயின் குஞ்சுகளை ஜெல் எப்படி எட்டுகிறது என்று கேட்கலாம். அவை முதிர்ந்த பூச்சிகளின் கழிவைத் தின்றே முதல் நாட்களைக் கழிக்கின்றன. தீனி தின்று வந்த பூச்சியின் கழிவிலும் சடலத்திலும் எஞ்சியிருக்கும் நஞ்சு அப்படியே அவற்றுக்குள் போய்ச் சேருகிறது. மருந்து உடனே கொல்லாமல் தாமதித்துக் கொல்வது குறையன்று. தின்ற பூச்சி தன் கூட்டத்துக்குத் திரும்பிச் சென்று மடிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் தாமதம். இதை அறியாமல், ஜெல் வைத்த மறுநாளே பக்கத்தில் தெளிப்பானை அடித்து ஒரு சுற்று மருந்தை நான் வீணாக்கினேன். தெளிப்பு பட்ட தீனியைப் பூச்சி தொடாது.

கதவுக் கீல்களின் உட்புறம், கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் சுவரைச் சந்திக்கும் இடம், இழுப்பறைகளின் பின்மூலைகள், குளிர்சாதனப் பெட்டியின் அடிச்சட்டம் ஆகியவை எங்கள் வீட்டில் தீனி விரைவாகத் தீர்ந்த இடங்கள். கம்ப்ரசரை ஒட்டிய சூடான உலோகத்தில் வைத்தது மூன்றே நாளில் காய்ந்து கல்லானது. வாரந்தோறும் பார்த்து, தீர்ந்த இடத்தில் புதுத்துளி வைத்து, பூச்சியே தென்படாவிட்டாலும் எட்டு வாரங்கள் அதைத் தொடர வேண்டும். அடுப்பிலும் தொட்டியிலும் உள்ள எச்சங்களை இரவில் துடைத்துவிடுவதும் இதன் பகுதியே. வேறு இரை தாராளமாகக் கிடைக்கும் வீட்டில் ஜெல் பத்தோடு பதினொன்றாகிவிடுகிறது. நீர்க்கசிவை நிறுத்துவது அதைவிட முக்கியம். உணவின்றி ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும் பூச்சி, நீரும் இல்லையென்றால் இரண்டு வாரத்தைக் கடப்பது அரிது.

இப்படிச் செய்ததில் ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் வீடு தூய்மையாக இருந்தது. பிறகு மீண்டும் வந்தன. இம்முறை அதே ஜெல்லை மிகச் சிரத்தையாக வைத்தும் துளிகள் தின்னப்படாமலேயே கிடந்தன. மருந்து போலியோ என்று முதலில் ஐயுற்றேன். படித்துப் பார்த்தபோதுதான் வேறொரு காரணம் தெரிந்தது. தீனிகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்பட்ட குளுக்கோஸையே வெறுக்கும் கூட்டங்கள் இந்த இனத்தில் உருவாகிவிட்டன என்பதை 1993-இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அப்பூச்சிகளின் நாக்குபோன்ற உறுப்புகளில் கசப்பை உணரும் நரம்புகளையே குளுக்கோஸ் தூண்டுகிறது என்பது 2013-இல் நிறுவப்பட்டது. அதாவது, நமக்கு இனிப்பது அதற்குக் கசக்கிறது. தின்றவை மடிய, கசப்பென்று விலகியவை பெருகின. என் வீட்டில் நிகழ்ந்தது அதுதானா என்பதைச் சோதனைக்கூடமின்றி உறுதியாகக் கூற இயலாது. எனினும் வேறு அடிப்பொருள் கொண்ட, இண்டாக்ஸாகார்ப் என்ற நஞ்சு அடங்கிய ஜெல்லுக்கு மாறிய அன்றிரவே துளிகள் தின்னப்பட்டன.

மருந்தை மாற்றுவது பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வணிகப் பெயரை மாற்றுவது மாற்றம் ஆகாது. குழலின் மேலுள்ள செயல்பொருளைப் படித்து, அது வேறு வகையில் செயல்படுவதா என்று பார்க்க வேண்டும். ஃபிப்ரோனில் நரம்பை அடக்கும் குளோரைடு வாயில்களை அடைக்கிறது. இண்டாக்ஸாகார்ப் பூச்சியின் உடலுக்குள் வேறொன்றாக மாறிச் சோடியம் வாயில்களை அடைக்கிறது. தீனிகளில் சேர்க்கப்படும் மற்றொரு நஞ்சான ஹைட்ராமெதில்நான் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியையே நிறுத்துகிறது. இவ்வளவு இருந்தும், மருந்துகளை மாற்றி மாற்றி வைக்கும் சுழற்சிமுறை ஒன்றே காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மருந்துக்குத் தப்பிய பூச்சிகளின் சந்ததி, தாம் பார்த்தேயிராத வேறு வகை மருந்துக்கும் எதிர்ப்புக் கொண்டிருந்தது. ஒரே தலைமுறையில் அந்த எதிர்ப்பு நான்கு முதல் ஆறு மடங்கு உயர்ந்த நிகழ்வும் அதில் பதிவாகியுள்ளது.

ஆகவே மூன்றாம் ஆண்டிலிருந்து நான் ஜெல்லை மட்டும் நம்புவதில்லை. முதல் வேலையாக, நுண்குழாய் பொருத்திய உறிஞ்சுகருவியால் இடுக்குகளிலுள்ள பூச்சிகளையும் கூடுகளையும் கழிவையும் இழுத்து எடுத்துவிடுகிறேன். இதற்கு எந்தப் பூச்சியும் எதிர்ப்பை வளர்க்க முடியாது. அடுத்து, ஹைட்ரோபிரீன் போன்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்து. இது கொல்வதில்லை, பூச்சியின் இளமை ஹார்மோனைப் போல நடித்து, குஞ்சுகளை இனப்பெருக்கமற்ற முதிர்பூச்சிகளாக்குகிறது. சுருண்ட இறக்கைகளோடு ஒரு பூச்சியை ஒட்டும் அட்டையில் கண்டபோது, மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. மின்பெட்டிகளுக்குப் பின்னாலும் சுவர்ப்பொந்துகளிலும் போரிக் அமிலத்தூளைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மென்படலமாகத் தூவுகிறேன். குவித்து வைத்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். குழந்தைகள் கைபடும் இடத்தில் தூளோ ஜெல்லோ இருக்கலாகாது என்பதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இது அருவருப்பு மட்டுமன்று. இதன் கழிவு, எச்சில், உரித்த தோல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் ஆஸ்துமாவைத் தூண்டுபவை. அமெரிக்க மாநகரங்களின் ஏழ்மைப் பகுதிகளில் வாழும் ஆஸ்துமாக் குழந்தைகளை ஆராய்ந்து 1997-இல் வெளியான ஆய்வில், கரப்பான் ஒவ்வாமையும் படுக்கையறையில் அதன் மிகுதியும் சேர்ந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பூச்சி ஒழிந்த பிறகும் அந்தத் தூசி மாதக்கணக்கில் தங்கும். என் இளைய மகளின் இரவு இருமல் குறைந்தது, பூச்சி மறைந்தபோது அன்று; மெத்தையுறைகளையும் அலமாரி உட்புறங்களையும் ஈரத்துணியால் முழுதும் துடைத்து முடித்த பின்னரே.

இன்று ஐந்து ஆண்டு முடிவில் என் வீட்டில் நிலையாக இருப்பவை ஆறு ஒட்டும் அட்டைகள். அவை பூச்சியை ஒழிப்பதற்கல்ல, எண்ணுவதற்கு. குஞ்சுகள் ஒட்டியிருந்தால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். தனியான முதிர்பூச்சி ஒட்டியிருந்தால் அது வெளியிலிருந்து வந்ததாக இருக்கலாம். நாங்கள் அடுக்குமாடியில் வசிப்பதால் ஒரு வீட்டில் மட்டும் செய்யும் மருந்துக்கு ஆயுள் குறைவு. குழாய்கள் சுவரைத் துளைக்கும் ஒவ்வொரு துளையும் பூச்சிக்குப் பாதைதான். நான்காம் ஆண்டில் பக்கத்து இரு வீட்டாரும் இசைந்து, மூன்று வீடுகளிலும் ஒரே வாரத்தில் ஜெல் வைத்து, துளைகளைச் சிலிகானால் அடைத்த பிறகு பதினோரு மாதங்கள் அட்டைகள் வெறுமையாகவே இருந்தன. சென்ற வாரம் கழுவுதொட்டியின் அடியிலுள்ள அட்டையில் ஒடுங்கிய வயிறுடைய ஆண் பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் சிலிகான் வெடித்து விலகியிருப்பதைக் கண்டு அதை மறுபடி அடைத்தேன். இருபுறமும் ஜெல் துளிகளை இட்டு, பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, எட்டு வாரக் கணக்கை முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறேன்.