வெனிஸ் 'அமைதிப் பகுதி' நடைச்சுற்றுலா: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

வெனிஸில் கூட்டம் எட்டிப்பார்க்காத கால்வாய்க்கரைகளைக் காட்டுகிறோம் என்று சொல்லி ஒரு நிறுவனம் எங்களிடம் தலைக்கு 85 யூரோ வாங்கியது. அப்பா, அம்மா, தங்கை, நான் என்று நான்கு பேருக்கு 340 யூரோ. காட்டியது பழைய யூதக் குடியிருப்பின் ஒரு சதுக்கத்தையும், முரானோ தீவில் ஒரு கண்ணாடிக் கடையையும்தான். வங்கியில் முறையீடு நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே வாசகங்களோடு வேறு பெயர்களிலும் விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. அதனால்தான் நடந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

எதற்காக இந்தச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் படி ஏறி இறங்க வேண்டும். சான் மார்க்கோ, ரியால்டோ பக்கம் போனால் படியோடு கூட்ட நெரிசலும் சேர்ந்துகொள்ளும். நகரின் வடக்கே கன்னரேஜியோ பகுதி அப்படியில்லை. மூன்று கால்வாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன, ஓரத்தில் நீளமான, நேரான நடைபாதைகள். பாலம் ஏறாமலே வெகுதூரம் நடக்கலாம். விளம்பரமும் இதைத்தான் சொன்னது: கன்னரேஜியோவின் கரைகள், ஓவியர் டின்டொரெட்டோ அடக்கமாகியிருக்கும் மதோன்னா தெல் ஓர்த்தோ தேவாலயம், யூதத் தொழுகைக்கூடத்தின் உட்புறம், பிறகு தனிப்படகில் கிழக்கே காஸ்தெல்லோ பகுதி. 3 மணி நேரம், அதிகபட்சம் 8 பேர், உரிமம் பெற்ற கைடு. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ரயில் நிலையப் படிக்கட்டில் போய் நின்றால் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நான்கைந்து வெவ்வேறு தளங்களில் முன்பதிவு செய்தவர்களை ஒரே குழுவாகச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு ஆங்கிலம், மீதிப் பேருக்கு ஸ்பானிஷ். ஆகவே எந்த இடத்தில் நின்றாலும் பாதி நேரம் நமக்குப் புரியாத மொழியில் போய்விடும். கைடு என்று வந்த இளைஞர் கழுத்தில் அடையாள அட்டை இல்லை. கேட்டதற்கு, "ஆபீஸில் இருக்கிறது" என்றார். கையில் ஒரு கொடி, இடுப்பில் ஒரு ஒலிபெருக்கி.

இந்த ஒலிபெருக்கி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து வெனிஸ் நகராட்சி சுற்றுலாக் குழுக்களுக்கு 25 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறது, ஒலிபெருக்கிக்கும் தடை. முரானோ, புரானோ போன்ற தீவுகளுக்கும் இது பொருந்தும். மீறினால் 25 முதல் 500 யூரோ வரை அபராதம். இது வெறும் கெடுபிடி இல்லை. வரலாற்று நகரத்தின் மக்கள்தொகை 50,000க்கும் கீழே போய்விட்டது. மிச்சமிருக்கும் குடும்பங்களில் கணிசமானவை இந்த ஓரப் பகுதிகளில்தான் வாழ்கின்றன. கன்னரேஜியோவில் ஒரு குறுகலான சந்தில் எங்கள் கைடு ஒலிபெருக்கியில் பேச ஆரம்பித்ததும், மேல்மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி கையிலிருந்த சட்டையைக் கொடியில் போடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போய், மரக்கதவை இழுத்துச் சாத்தினார். அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. "அவங்க வீட்டு வாசல்ல நின்னு நாம கத்துற மாதிரி இருக்குடா" என்றார். அமைதியைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வந்தோம். அதைக் கெடுக்கிற கூட்டத்தில் எங்களையும் சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் யூதக் குடியிருப்பு. 1516இல் வெனிஸ் குடியரசு யூதர்களை இந்தச் சிறு தீவுக்குள் குடியேறச் சொல்லி, இரவில் வாயில்களைப் பூட்டியது. சுற்றியிருந்த கால்வாய்களில் காவல் படகுகள் நிற்கும், அந்தக் காவலுக்கான செலவையும் யூதர்களே கொடுக்க வேண்டும். 1797இல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் போயின. இடம் இல்லை, ஆட்கள் மட்டும் கூடிக்கொண்டே இருந்தார்கள். வேறு வழியில்லாமல் மாடிமேல் மாடியாகக் கட்டினார்கள். தளங்களின் உயரம் அவ்வளவு குறைவு என்பது ஜன்னல்களின் நெருக்கத்தைப் பார்த்தாலே தெரியும். எங்கள் கைடு அந்தக் கட்டடங்களைக் கைகாட்டிச் சொன்னது என்ன தெரியுமா? "இங்கே இருந்தவர்கள் பணக்காரர்கள், அதனால் உயரமாகக் கட்டிக்கொண்டார்கள்." குழுவில் இருந்த ஒரு பெரியவர் உடனே மறுத்துப் பேசினார். கைடு தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மொழிக்குப் போய்விட்டார். பணம் போனதைக் காட்டிலும் இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அடைத்து வைக்கப்பட்ட மக்களின் சரித்திரத்தைத் தலைகீழாக்கி முப்பது பேர் தலையில் ஏற்றிவிட்டார். அதில் எத்தனை பேர் அதை அப்படியே ஊருக்குப் போய்ச் சொல்லப்போகிறார்களோ.

தொழுகைக்கூடத்தின் உட்புறம் என்ன ஆனது? நாங்கள் போனது சனிக்கிழமை. அன்று யூதர்களின் ஓய்வுநாள், அருங்காட்சியகமும் தொழுகைக்கூடங்களும் சனிக்கிழமை பார்வையாளர்களுக்குத் திறப்பதே இல்லை. தொழுகைக்கூடங்களுக்குள் கூட்டிப் போவதும் அந்த அருங்காட்சியகம்தான். வெனிஸில் தொழில் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்துகொண்டே சனிக்கிழமைக்கு 'உட்புறப் பார்வை' என்று போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். சதுக்கத்தில் நின்று, மேலே தெரியும் ஐந்து பெரிய ஜன்னல்களைக் காட்டி, "அதுதான், படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கைடு.

மதோன்னா தெல் ஓர்த்தோவுக்குப் போகவே இல்லை. "நேரமாகிவிட்டது, படகு காத்திருக்கிறது" என்று வடகரைக்கு விரட்டினார். வழியில் இன்னொரு வியாபாரம்: கொண்டோலா (வெனிஸின் நீளமான துடுப்புப் படகு) வேண்டுமானால் ஐந்து ஐந்து பேராகச் சேருங்கள், தலைக்கு 40 யூரோ, நானே பேசித் தருகிறேன் என்றார். ஐந்து பேருக்கு 200 யூரோ. நகராட்சி நிர்ணயித்த கட்டணமோ பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, அதுவும் முழுப் படகுக்கு, தலைக்கு அல்ல. இரவு 7 மணிக்கு மேல் 110. சும்மா ஒருமுறை அந்தப் படகு மாதிரி ஒன்றில் நிற்க வேண்டும் என்ற ஆசைதான் என்றால், பெருங்கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் திரகெத்தோ படகில் 2 யூரோவுக்கு ஏறலாம். இதை எடுத்துச் சொன்னதும் குழுவில் பலர் பின்வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு கைடு எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

படகு காஸ்தெல்லோவுக்குப் போகவில்லை. நேராக முரானோவில் ஒரு ஷோரூமின் சொந்தப் படித்துறையில் போய் நின்றது. தீ விபத்துக்குப் பயந்து 1291இல் கண்ணாடி உலைகளை எல்லாம் வெனிஸ் இந்தத் தீவுக்கு மாற்றியது. அந்தத் தொழில்மீது எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. அங்கே நடந்தது வேறு. உலையில் ஒருவர் சில நிமிடத்தில் ஒரு குதிரையை இழுத்து வளைத்துக் காட்டினார். கைதட்டி முடிக்கும் முன்பே எங்களை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். கோட்டு சூட்டு போட்ட விற்பனையாளர் அப்பா பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டார். ஒரு குவளை ஜோடிக்கு 420 யூரோ என்று ஆரம்பித்து, அப்பா வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்ட ஆட்ட, 150 வரை இறங்கினார். அம்மா உட்கார நாற்காலி கேட்டபோது, "வாங்குபவர்களுக்கான அறையில் இருக்கிறது" என்று பதில். திரும்பும் படகு எப்போது என்றால், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கைடு அதற்குள் காணாமல் போயிருந்தார்.

கிளம்பிவிட்டோம். தங்கை பொதுப் படகு நிறுத்தத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். 75 நிமிடச் சீட்டு தலைக்கு 9.50 யூரோ, வடகரைக்குத் திரும்பினோம். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: முரானோவுக்கு 4.1, 4.2 எண் படகுகள் சாதாரணமாக ஓடுகின்றன. ஓட்டல் வரவேற்பறையில் 'முரானோவுக்கு இலவசப் படகு' என்று யாராவது சொன்னாலும், அதுவும் ஏதோ ஒரு ஷோரூமில்தான் இறக்கிவிடும். கண்ணாடி வாங்கத்தான் வேண்டும் என்றால் முரானோவில் செய்தது என்பதற்கான 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர்கள் காட்டாமல் விட்ட காஸ்தெல்லோவுக்கு மறுநாள் காலை நாங்களே போனோம். வியா கரிபால்டி ஒரு காலத்தில் கால்வாயாக இருந்ததாம், தூர்த்துத் தெருவாக்கியிருக்கிறார்கள். அதனால் வெனிஸுக்குப் பொருந்தாத அகலம். அதைக் கடந்து ஒரு பாலம் ஏறினால் சான் பியெத்ரோ தீவு. 1807 வரை நகரின் தலைமைப் பேராலயம் சான் மார்க்கோ அல்ல, இங்கே இருக்கும் தேவாலயம்தான். முன்னால் புல்தரை, பக்கத்தில் கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்து நிற்கும் வெள்ளைக்கல் மணிக்கூண்டு. அம்மா மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எங்களைத் தவிர நாயை நடத்திக்கொண்டு வந்த ஒருவர் மட்டும்தான். செலவு ஒன்றுமில்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். நிறுவனத்துக்கு எழுதினேன். 'நிகழ்ச்சி நிரல் மாறுதலுக்கு உட்பட்டது' என்ற ஒரு வரியைக் காட்டி, அடுத்த பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. முன்பதிவுத் தளம், நடத்துபவரைக் கேளுங்கள் என்றது. நடத்துபவர், தளத்தைக் கேளுங்கள் என்றார். இதற்கிடையில் விளம்பரப் பக்கத்தில் 'அதிகபட்சம் 8 பேர்' என்பது 'சிறு குழு' என்றும், 'உட்புறம்' என்பது 'தொழுகைக்கூடப் பகுதி' என்றும் மாறிவிட்டன. நல்ல வேளை, தங்கைக்கு முன்பதிவு செய்யும் பக்கத்தை எப்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும் பழக்கம் உண்டு. அது இல்லாவிட்டால் எங்கள் பேச்சுக்கு ஆதாரமே இருந்திருக்காது. நீங்களும் பணம் கட்டுகிற அன்றே எடுத்து வையுங்கள்.

கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியது, என் கணக்கில், இரண்டு விஷயங்கள். வரப்போகும் கைடின் பெயரும் உரிம எண்ணும். இத்தாலியில் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்தான் கைடாக வேலை செய்ய முடியும், முறையானவர் இதைச் சொல்லத் தயங்க மாட்டார். இன்னொன்று, வழியில் எந்தக் கடையிலாவது நிறுத்துவீர்களா என்பது. சுற்றி வளைத்துப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியதால், 'சொன்ன சேவை தரப்படவில்லை' என்ற பிரிவில் வங்கியில் முறையீடு பதிந்திருக்கிறோம். பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், மாற்றிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், குழுவின் புகைப்படம், திரும்பி வந்த படகுச் சீட்டு, மின்னஞ்சல்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. நிறுவனத்தின் விளக்கத்துக்காக வங்கி காத்திருக்கிறது. முடிவு தெரிந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.