பாபா இஸ் யூ: எழுதி வைத்த விதியும் எழுதாமல் விட்ட விதியும்

லேப்டாப்பில் ரைட் ஆரோ வேலை செய்யாமல் போய், போன வாரம் சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கீபோர்டையே மாற்றினேன். கழற்றிய பழைய கீபோர்டில் இசட் எழுத்தும் அழிந்திருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒரே கேம்தான். அன்றைக்கே ஸ்டீல் பிளாண்ட்டில் ஷிஃப்ட் பார்க்கும் நண்பனிடமிருந்து மெசேஜ்: “மாப்ள, பாபா இஸ் யூ விலை குறைஞ்சிருக்கு, எடுக்கலாமா?” ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

கேமைப் பற்றி பலருக்கும் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்கரி 2017-ல் நோர்டிக் கேம் ஜாம் என்ற கேம் செய்யும் போட்டியில் செய்து பரிசு வாங்கிய புதிர் கேம் இது. முழு கேமாக 2019 மார்ச்சில் வந்தது, 2021-ல் போனுக்கும் வந்தது. கறுப்புத் திரை, சின்னச் சின்னக் கட்டம் கட்டமான படங்கள், வெள்ளையாக பாபா என்று ஒரு பிராணி. திரையில் கிடக்கும் சொற்கள்தான் விதிகள். ‘வால் இஸ் ஸ்டாப்’ என்று மூன்று சொல்லும் வரிசையாக நிற்கும்வரை சுவர் தடுக்கும். ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். ‘ராக் இஸ் யூ’ என்று சேர்த்தால் அடுத்த அடியிலிருந்து நீங்கள்தான் கல். ‘யூ’ எதற்கும் இல்லாமல் போனால் பாட்டே நின்றுவிடும். முதல் தடவை அது நடந்தபோது ஸ்பீக்கர் போய்விட்டது என்றே நினைத்தேன்.

எனக்கு இதில் பெரிய சந்தோஷம் அந்த இசட் விசைதான். ஒரு அடி பின்னால் போக ஒரு தட்டல். எத்தனை அடி வைத்திருந்தாலும் ஆரம்பம்வரை திரும்பிப் போகலாம். உயிர் குறையாது, நேரம் ஓடாது, மதிப்பெண் என்று ஒன்றே கிடையாது. பெட்டி தள்ளும் கேம்களுக்கெல்லாம் மூத்தது 1982-ல் ஜப்பானில் வெளிவந்த சோகோபான். அதில் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. பெட்டி மூலைக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. பாபாவிலும் பெரும்பாலும் தள்ளத்தான் முடியும், ஆனால் மூலையில் மாட்டிக்கொண்ட சொல்லை மீட்க ஒரு தட்டல் போதும். பயம் போய்விட்டால் மனுஷன் எப்படியெல்லாம் யோசிக்கிறான் என்பதை இந்த கேமில்தான் பார்த்தேன். பாபாவை வேண்டுமென்றே தண்ணீரில் இறக்கிப் பார்ப்பேன். வழக்கமாகத் தொட்டால் ஜெயிக்கிற கொடியையே (அதுதான் ‘வின்’) ‘யூ’ ஆக்கிப் பார்ப்பேன். ‘யூ’வும் ‘வின்’னும் ஒரே பொருளுக்கு வந்தால் எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே ஜெயிக்கலாம் என்பது அப்படித்தான் கிடைத்தது.

மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு அம்மாப்பேட்டையிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். ஏழாவது முடித்தவள். நான் ஒரு லெவலில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தவள், “மாமா, அந்த ஸ்டாப் மூலையில இருக்கு, அதைத் தொடவே முடியாது. தொட முடியாததை எதுக்குப் பாக்கறீங்க? நடுவுல இருக்கறதைப் பாருங்க” என்றாள். இந்த கேமை ஆட அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. விளிம்பை ஒட்டி, மூலையிலிருந்து தொடங்கி நிற்கும் விதியை உடைக்க முடியாது, அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் கிடக்கிற நாலைந்து சொல்லில்தான் முழு விடையும் இருக்கும். ஒரு கட்டம்கூட வீணாக வைக்காத அந்தச் சிக்கனத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

படங்களும் இசையும் நன்றாக இருக்கின்றன, அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. என் பழைய லேப்டாப்பில் ஒரு தடவைகூடத் திணறியதில்லை.

இப்போது என்னை விடாமல் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அடி வைத்தால் அந்த ஒரு அடிக்குள் பல காரியங்கள் நடக்கின்றன. எது முதலில், எது அடுத்தது என்று கேம் எங்கேயும் சொல்வதில்லை. கேகே என்று சிவப்பாக ஒரு பாத்திரம். ‘கேகே இஸ் மூவ்’, ‘பெல்ட் இஸ் ஷிஃப்ட்’ என்று இரண்டு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு அடி வைத்ததும் முதலில் பாபா நகரும், அப்புறம் கேகே தானாக நகரும், அதற்கும் அப்புறம்தான் பெல்ட் ஓடும். ஆக, கேகே பெல்ட்மேல் ஏறிய அதே அடியில் பெல்ட் அவனை இன்னொரு கட்டம் தள்ளிவிடும். நாம் ஒரு கட்டம் என்று கணக்குப் போட்டால் அவன் இரண்டு கட்டம் தாண்டி நிற்பான். இதை நான் தெரிந்துகொண்டது எப்படி? எஸ்டேட் ஆபீஸில் பழைய டெலிவரி நோட்டின் பின்பக்கம் கட்டம் போட்டு, ஒவ்வொரு அடிக்கும் கேகே எங்கே நிற்கிறான் என்று புள்ளி வைத்து, இசட்டைத் தட்டித் தட்டிப் பின்னால் போய்ப் பார்த்து.

நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். ஆட்டத்தை நிறுத்தினால் அப்போது நடப்பில் இருக்கும் விதிகள் எல்லாம் பட்டியலாக வரும். நல்ல வசதி. ஆனால் அந்தப் பட்டியலில் வரிசை இல்லையே! ஆடுபுலி ஆட்டத்தில் புலி எப்படித் தாண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தானே காயை வைக்கிறோம்? விதிகளை எல்லாம் கண்முன்னால் எழுதி வைப்பதுதான் இந்த கேமின் பெருமையே. அப்படிப்பட்டதில் எழுதாத விதி ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சரியான யோசனையைக்கூடத் தப்பு என்று நினைத்துக் கைவிட வைக்கிறது. விடை தெரியாமல் மாட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கேமுக்குள் துப்புக் கொடுக்கும் வசதியும் கிடையாது. நெட்டில் தேடிக்கொள்ளலாமே என்பீர்கள். நான் இருப்பது ஏற்காட்டில் நாகலூர் பக்கம். ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பிமேல் விழுந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். நெட் இல்லாமலே ஓடுகிறது என்பதற்காகத்தான் இந்த கேம் என் லேப்டாப்பில் நிலைத்தது. பேட்டரி தீரும்வரை ஆடலாம், யாரையும் கேட்க முடியாது. முதல் முப்பது நாற்பது லெவலுக்கு அது சுகம். பின்னால் ‘நாட்’, ‘ஹேஸ்’, ‘எம்ப்டி’ என்று புதுச் சொற்கள் எல்லாம் சேர்ந்து வரும்போது ஒரே லெவலில் சாயங்காலம் முழுக்கப் போய்விடும். இதுவரை பாதி வந்தோமா, ஒன்றுமே வரவில்லையா என்று தெரியாது. ஒரு லெவலை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை ஆடலாம், முதல் முடிவைப் பார்க்க எல்லாவற்றையும் முடிக்கத் தேவையில்லை. அந்தத் தாராளம் இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டுப் போன லெவல் மனசில் கிடந்து குடைவதை நிறுத்தாது.

போனில் வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. பெரிய லெவல்களில் கட்டங்கள் ரொம்பச் சின்னதாகிவிடுகின்றன, விரலால் இழுத்து ஆடினால் நினைத்ததைவிட ஒரு அடி கூடுதலாகப் போய்விடுகிறது. லேப்டாப்பில் அந்தத் தொல்லை இல்லை.

சரக்கு என்று பார்த்தால் காசுக்கு மேலேயே இருக்கிறது. 200-க்கு மேற்பட்ட லெவல்கள், 2021 நவம்பரில் நாமே லெவல் செய்துகொள்ளும் வசதியும் புது லெவல் தொகுப்புகளும் இலவசமாக வந்தன. நான் ஆடிய புதிர் கேம்களில் இதுதான் மிகச் சிறந்தது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் மாப்ள, நீ இதை வாங்காதே. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அரை மணி நேரம் ஆடத்தான் கேம் தேடுகிறாய். நேற்று ராத்திரிகூட அந்த பெல்ட் லெவலில் மூன்று மணிவரை உட்கார்ந்துவிட்டு, எரிகிற கண்ணோடு இதை எழுதுகிறேன். உனக்குத் தூக்கம் வேண்டும். லீவு சேர்த்துப் போட்டு மேலே வருகிறபோது என் லேப்டாப்பில் ஆடிப் பார், கீபோர்டு புதுசாகத்தான் இருக்கிறது.