வேரில் பூசச் சொல்லும் சேபே எண்ணெயை வாங்காதீர்கள், இறுக்கிப் பின்னவும் விடாதீர்கள்

பாரிஸின் லா சப்பல் தமிழ்க் கடைகளில் இருந்து ஃபோபூர் சென் தெனி வீதியைப் பிடித்துத் தெற்கே இறங்கினால், ஷாத்தோ தோ மெட்ரோவைச் சுற்றி ஆப்பிரிக்கச் சலூன்கள் வரிசையாக இருக்கும். ஸ்பிரிங் போல இறுகச் சுருண்ட முடியுள்ள பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீட்டாரும் அங்கே போகிறார்கள். கைதேர்ந்தவர்கள் அங்கே பலர். இந்தப் பதிவு ஒரு சலூன் செய்த வேலையைப் பற்றியது. பெயர் தேவையில்லை. செய்த முறை தெரிந்தால் எந்த ஊரிலும் கண்டுபிடித்துவிடலாம்.

மகளின் முடி நீளவேண்டும் என்று ஒரு தாய் கேட்டார். சலூன் விற்றது ஒரு ‘வளர்ச்சித் திட்டம்’: சேபே (சாட் நாட்டுப் பெண்கள் முடியில் பூசும் பொடி) கலந்த எண்ணெய் ஒரு குப்பி, சவுரி சேர்த்த மெல்லிய பின்னல், மூன்று மாதம் அவிழ்க்கக் கூடாது, தினமும் வகிடு வகிடாக எண்ணெய். மாதம் 4 செ.மீ. வளரும் என்று வாக்கு. மூன்று மாதம் கழித்து நெற்றியோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லை. பின்தலையில் ஒரு சாண் முடியைக் கத்தரித்து அனுப்பினார்கள். காசும் திரும்பவில்லை.

முதல் பொய் அந்த 4 செ.மீ. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும், இறுகச் சுருண்ட முடி பெரும்பாலும் அதற்கும் சற்றுக் குறைவு. எந்த எண்ணெயும் அதை நாலு மடங்காக்காது. சுவரில் மாட்டியிருந்த ‘முன், பின்’ படங்களை உற்றுப் பாருங்கள். முதல் படத்தில் முடி கழுவிக் காய்ந்து சுருங்கி நிற்கும், இரண்டாவதில் டிரையர் பிடித்து நீட்டியிருக்கும். இந்த முடி உலர்ந்ததும் தன் நீளத்தில் கால்வாசியாகக்கூடச் சுருங்கும், 20 செ.மீ. முடி 5 செ.மீ. போலத் தெரியும். வளர்ச்சியை அளக்க வேண்டுமானால் உச்சியில் ஒன்று, பிடரியில் ஒன்று என இரண்டே இடங்களில், ஒரு கற்றையை நேராக இழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவுநாடா வையுங்கள்.

சேபே பொய்யல்ல, அதைத் தலைகீழாக விற்றதுதான் பொய். சாட் நாட்டின் பஸாரா அரபுப் பெண்கள் குரோட்டன் என்ற செடியின் விதையை வறுத்து இடித்து, செர்ரிக் கொட்டைப் பருப்பு, கிராம்பு, பிசின் சேர்த்துப் பொடியாக்குவார்கள். முடியை நனைத்து, எண்ணெயோ கொழுப்போ தடவி, வேரை விட்டுத் தள்ளி நுனிவரை அந்தப் பொடியை அப்பிப் பின்னிவிடுவார்கள். சில நாளுக்கு ஒருமுறை அதன்மேலேயே மறுபடியும். தலைத்தோலில் படவிடமாட்டார்கள். அது வேரைத் தூண்டும் மருந்தல்ல. முடித்தண்டில் ஈரத்தைப் பிடித்து வைத்து, உரசலைக் குறைத்து, ஒடியாமல் காக்கும் பூச்சு. அந்தக் கரகரப்பான பொடி கலந்த எண்ணெயைத் தினமும் தோலில் ஊற்றினால் அரிக்கும், பிள்ளை சொறியும், பின்னலுக்கு அடியில் அழுக்கு அப்பும்.

குப்பியைத் திருப்பிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். உட்பொருள் வரிசையில் முதலில் பாராஃபினம் லிக்விடம், அதாவது மினரல் ஆயில். அடுத்தது வாசனை. குரோட்டன் கடைசி. அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எப்படியும் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குவிதிப்படி பொறுப்பாளரின் பெயர், முகவரி, தொகுதி எண் மூன்றும் இருக்கவேண்டும். இந்தக் குப்பியில் மூன்றும் இல்லை. இப்படி ஒன்றை வாங்கியிருந்தால் குப்பியை எறியாமல், ரசீதோடு படமெடுத்து, பிரெஞ்சு அரசின் சிக்னல்கான்சோ தளத்தில் முறையிடுங்கள்.

நெற்றியோரம் போனது எண்ணெயால் அல்ல, இழுப்பால். அங்கே முடி மெல்லியது. அதில் கனமான சவுரியை முடிந்தால் மூன்று மாதமும் வேர் இழுபட்டபடியே இருக்கும். பின்னி முடித்த அன்றே பாருங்கள்: ஒவ்வொரு பின்னலின் அடியிலும் தோல் கூடாரம் போல் மேலெழுந்து நின்றால், சிறு வெள்ளைக் கொப்புளம் வந்தால், புருவத்தை உயர்த்த வலித்தால், அன்றிரவே அவிழுங்கள். ‘இரண்டு நாளில் தளர்ந்துவிடும்’ என்ற பேச்சைக் கேட்காதீர்கள். இன்னொரு அடையாளம், வேருக்குப் பக்கத்தில் முடியைச் சுற்றிய வெள்ளைக் குழாய்கள். பலர் இதை ஈர் என்று நினைத்து மருந்து போடுகிறார்கள். ஈர் ஒட்டிக்கொண்டு நகராது; இது விரலால் தள்ளினால் முடி வழியே வழுக்கி வரும். இழுப்பு தொடர்கிறது என்று இதற்குப் பொருள். பின்னலுக்கு ஆறு முதல் எட்டு வாரம் போதும். பிள்ளைகளுக்கு நெற்றியோர முடியில் சவுரியே வேண்டாம்.

பின்தலை முடியைக் கத்தரித்தது முழுக்கச் சலூனின் பிழை. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் அது விழ வழியில்லை. எட்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் சேரும். பின்னல் தொடங்கும் இடத்தில் சாம்பல் நிற அழுக்கு வளையமும் இருக்கும். அதை எடுக்காமல் நேரே தண்ணீரில் பிடித்ததால் எல்லாம் கம்பளிபோல் சடைபிடித்தது. பிறகு கத்தரி.

சரியான வரிசை இது. சவுரியைச் சொந்த முடிக்குக் கீழே வெட்டி, விரலால் அவிழ்க்கவேண்டும். அந்த வளையத்தில், முடி உலர்ந்திருக்கும்போதே, வழுக்கலான கண்டிஷனரைத் தடவி விரலால் பிரிக்கவேண்டும். உதிர்ந்த முடியைப் பிறகு பல் அகன்ற சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏறி எடுக்கவேண்டும். எட்டுப் பாகமாக்கி, ஒவ்வொன்றையும் தளர்வாக முறுக்கிவிட்டு, முறுக்கோடே கழுவவேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும். பந்து பந்தாக வருவதைக் கண்டு பயப்படாதீர்கள்: வேர்முனையில் வெள்ளைக் குமிழோடு முழு நீளமாக வருவது உதிர்ந்த முடி. குமிழில்லாமல் துண்டாக வந்தால்தான் ஒடிந்தது.

அதன்பின் முடி நீள்வது ஒடியாமல் காப்பதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை சுருளில் இறங்கி நுனியை எட்டாது. வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை கழுவி, ஈரத்தோடு க்ரீம், அதன்மேல் சில சொட்டு எண்ணெய், தளர்ந்த முறுக்கு, இரவில் சாட்டின் தொப்பி. எதுவும் தடவாத உலர்ந்த முடியில் சீப்பு வைக்கவே கூடாது.

நெற்றியோரம் ஏற்கெனவே போயிருந்தால் பல மாதம் அங்கே பின்னல், இறுகிய குடுமி, ரப்பர் பேண்ட் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தில் தோலைப் பாருங்கள். முடித் துளைகளும் பூமயிரும் தெரிந்தால் திரும்ப வளர வாய்ப்புண்டு. வழவழப்பாக மினுங்கித் துளையே தெரியாவிட்டால் தழும்பாகிக்கொண்டிருக்கலாம். எண்ணெய் தேடிக்கொண்டிராமல் தோல் மருத்துவரிடம் உடனே நேரம் வாங்குங்கள்.