குருணையா, ஊசியா: நாட்டுக்கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு

கொல்லையில் பத்து இருபது நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு அம்மையும் சளியும் இரத்தக்கழிச்சலும் தொல்லைதான் என்றாலும், ஒரே வாரத்தில் பஞ்சாரத்தைக் காலியாக்குவது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதையும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதையும், பிழைத்தவை கழுத்து திருகிக்கொண்டு வட்டமடிப்பதையும் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அடையாளம் மறக்காது. நச்சுயிரியால் வரும் நோய் என்பதால் வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. முன்கூட்டித் தடுப்பதே வழி.

வளர்ந்த கோழிகளுக்கு என் முன் இருந்தவை இரண்டு. ஒன்று, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய, கோழி தின்னும் வாய்வழித் தடுப்பு மருந்துக் குருணை. வெப்பம் தாங்கும் டி58 என்ற நச்சுயிரி வகையைக் கொண்டது. மற்றொன்று, எட்டு வாரம் நிறைந்த கோழிக்கு இறக்கையின் அடித்தோலில் அரை மில்லி போடும் ஆர்2பி என்ற தடுப்பூசி. நான் ஊசியையே தேர்ந்தெடுத்தேன்.

குருணையில் கோழியைப் பிடிக்கும் வேலை இல்லை. ஆனால் நான் கொடுத்த ஒரே தடவையில், சேவலும் இரண்டு பெட்டைகளும் முண்டியடித்துக் கொத்தித் தின்ன, அடைகாத்த கோழியும் நோஞ்சான் விடைகளும் ஒதுங்கி நின்றன. எந்தக் கோழி எவ்வளவு தின்றது என்று சொல்ல முடியவில்லை. ஒரு தடவை அனுபவத்தை வைத்து அதைக் குறை சொல்வது நியாயமாகாது. தனித்தனியாகக் கொடுத்திருந்தால் என் எண்ணம் மாறியிருக்கலாம். ஊசியிலோ, குத்திய கோழியின் காலில் நூல் கட்டிவிட்டால் விடுபட்டது எது என்று உடனே தெரிகிறது.

ஆயினும் ஊசியின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது குளிர்ச்சிதான். மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த கரைசலில் கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முதல் ஆண்டு குப்பியைச் சட்டைப்பையில் போட்டு வெயிலில் இருசக்கர வண்டியில் கொண்டுவந்தேன். அந்தக் கோடையிலேயே ஊசி போட்ட கோழிகளில் ஒன்பது செத்தன. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம், ஆனால் அதன்பின் குடுவையில் ஐஸ்கட்டி நிரப்பி அதற்குள் குப்பியை வைக்காமல் நான் வீடு திரும்பியதே இல்லை. முந்தின இரவே கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து வைத்தால் விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. குப்பியைத் திறந்தால் நூறு கோழிக்கும் மேல் போடலாம் என்பதால், தெருவில் நான்கைந்து வீட்டார் ஒரே நாளில் சேர்ந்துகொள்கிறோம். மிச்ச மருந்தைக் கொதிநீரில் போட்டு அழிக்கிறோம். மறுநாளைக்கு எடுத்து வைப்பதில்லை.

பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத்துறை நடத்தும் இருவார முகாமில் இதே ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். குளிர்ச்சியைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையது என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது. போட்ட இரண்டொரு நாள் சில கோழிகள் சோர்ந்து நிற்கும், முட்டையும் குறையும். ஏற்கெனவே தூங்கி விழும் கோழிக்கு மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் போடக் கூடாது.

ஐஸ்கட்டிக்கு வழியில்லாத, முகாமும் எட்டாத ஊரில் இருந்திருந்தால் நான் குருணையைத்தான் வாங்கியிருப்பேன். ஒவ்வொரு கோழியையும் தனியே அடைத்துத் தின்னவிட்டிருப்பேன்.